இந்த ஆண்டும் இருக்கட்டும்

பங்குத்தந்தையாக நான் பொறுப்பேற்ற முதல் ஊரில் ஒரு பிழை செய்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அது என் மனத்தைவிட்டு அகலவில்லை. நான் பிறந்து வளர்ந்தது ஆற்றுப் பாசனம் உள்ள ஊர். அந்தப் பங்கோ வானம் பார்த்த பூமி. தை மாதக் கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்தேன். கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தபோது, நடுவில் ஒரு மரம் ஓர் இலைகூட இல்லாமல், கொம்பு கொம்பாக நின்றது. பட்டுப்போன மரம் என்று முடிவு செய்தேன். தவக்காலம் தொடங்குவதற்குள் தோட்டத்தைத் துப்புரவாக்கிவிட வேண்டும் என்ற வேகம் வேறு. வெட்டிவிடச் சொன்னேன்.

வெட்ட வந்தவர் கல்லறைக்குக் குழி தோண்டும் முதியவர். நாலைந்து கிளைகளை இறக்கிய பின் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னை அழைத்துக் காட்டினார். வெட்டுவாய்களிலிருந்து வெள்ளைப் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

"பட்ட மரத்துல பால் வருமா, சாமி? இது ஈழத்தலரி. மாசி, பங்குனி வரைக்கும் மொட்டையாத்தான் நிக்கும். சித்திரையில வந்து பாருங்க" என்றார்.

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, ஐயா" என்றேன்.

"சாமி வெட்டச் சொன்ன பிறகு நான் என்ன சொல்றது?" என்றார்.

அந்த மரத்தின் அடியில் ஒரு சிறு கல்லறை இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருவர் நட்ட மரம் அது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். ஞாயிறு திருப்பலி முடிந்து அவர் வந்து பார்த்தார். என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெட்டிப் போட்டிருந்த கிளைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புதிய மண்ணுக்கு வருகிறவன் அங்குள்ள மரத்தை முதல் மாதத்திலேயே எடைபோடக் கூடாது என்பதை அன்று கற்றேன். ஒரு செடியை அறிய வேண்டுமானால் அதனோடு ஓர் ஆண்டு முழுவதையும் கழிக்க வேண்டும். இதே பாடத்தை நானூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுவதும் பொறுமையோடு கற்றார், பிறருக்கும் கற்பித்தார். அவரைப் பற்றி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆனால் அவரிடம் என்னை அழைத்துச் சென்றது வேறொரு தோல்வி.

நெதர்லாந்தில் பயின்று திரும்பிய குரு நண்பர் ஒருவர், சில ஆண்டுகளுக்குப் பின் எனக்கு ஐந்து துலிப் கிழங்குகளைப் பரிசாகக் கொண்டுவந்தார். பழுப்புத் தோல் போர்த்தி, பார்வைக்கு வெங்காயம் போலவே இருந்தன. சமையலறை மேசையில் வைத்திருந்தால் அன்றே குழம்பில் போயிருக்கும். நல்ல மண் கலந்து, தொட்டியில் நட்டு, நாள்தோறும் நீர் ஊற்றினேன். இலைகள் வந்தன. ஒன்றில் மட்டும் ஒரு மொட்டு தலைகாட்டி, தண்டு நீளாமலே கருகியது. மற்றவை இலையோடு ஓய்ந்தன. எங்கே தவறினேன் என்று நூல்களைப் புரட்டியபோது விடை கிடைத்தது.

நமக்கு இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். வேம்பும் புங்கும் பூத்துக் கொட்டும் காலம் அது. ஐரோப்பாவின் வடபகுதியிலோ இளவேனில் என்பது பனி விலகி, உறைந்த நிலம் நெகிழ்ந்து, மாதக்கணக்கில் காணாத பசுமை மீண்டும் தோன்றும் காலம். துலிப்பின் கிழங்கு கோடையிலேயே அடுத்த ஆண்டுக்கான பூவைத் தனக்குள் உருவாக்கி மூடி வைத்துக்கொள்கிறது. ஆனால் ஏறத்தாழ மூன்று மாதக் குளிரை மண்ணுக்குள் அனுபவித்த பிறகுதான் அந்தப் பூ தண்டு நீண்டு சரியாக வெளிவரும். குளிர்காலமே இல்லாத ஊரில் அது எதற்காகக் காத்திருக்கிறதோ அது வருவதேயில்லை. காஷ்மீரின் ஸ்ரீநகரில் துலிப் தோட்டம் செழிப்பதற்கும் என் தொட்டியில் அது கருகியதற்கும் இதுவே காரணம். நம் செங்காந்தளும் கிழங்காக மண்ணுக்குள் உறங்கிக் காத்திருப்பதுதான்; ஆனால் அது காத்திருப்பது மழைக்காக. உறக்கம் ஒன்றே; எழுப்பும் குரல்தான் வேறு.

இந்தத் தேடலில் அறிமுகமானவர்தான் கரோலுஸ் குளூசியுஸ்.

அகதிபோல் அலைந்த அறிஞர்

அவருடைய இயற்பெயர் சார்ல் தெ லெக்ளூஸ். 1526-ஆம் ஆண்டு, இன்று பிரான்சின் வடக்கே உள்ள ஆராஸ் நகரில் பிறந்தார். லூவேனில் சட்டம் பயின்றார். பிறகு ஜெர்மனிக்குச் சென்றார்; அங்கிருந்து பிரான்சின் தென்பகுதியிலுள்ள மோன்பெலியே பல்கலைக்கழகம் சேர்ந்து, மருத்துவத்தோடு தாவரங்களையும் கற்றார். லத்தீன் மொழியில் எழுதிய அறிஞர்களின் வழக்கப்படி தம் பெயரையும் லத்தீனாக்கிக் குளூசியுஸ் ஆனார்.

அது திருச்சபை பிளவுண்டு, ஐரோப்பா சமயப் போர்களில் எரிந்துகொண்டிருந்த காலம். குளூசியுஸ் சீர்திருத்த இயக்கத்தின்பால் சாய்ந்தவர். ஆயினும் அவர் பணியாற்றியது கத்தோலிக்கப் பேரரசரின் அவையில். அவருக்கு எழுதப்பட்டவையும் அவர் எழுதியவையுமாக ஏறத்தாழ 1500 கடிதங்கள் இன்றும் எஞ்சியுள்ளன. எழுதியவர்களில் கத்தோலிக்கர் உண்டு, பிரிவினைச் சபையார் உண்டு, பிரபுக்கள் உண்டு, மருந்து வணிகர் உண்டு, பெண்களும் உண்டு. மதத்தின் பெயரால் மனிதர் ஒருவரையொருவர் வேட்டையாடிய நாட்களில், அந்தக் கடிதங்களுக்குள் விதைகள் எல்லை கடந்து பயணம் செய்தன.

நம் நாட்டோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. கார்சியா த ஓர்த்தா என்ற போர்த்துகீசிய மருத்துவர் கோவாவில் வாழ்ந்து, இந்திய மருந்துகளையும் நறுமணப் பொருள்களையும் பற்றி எழுதிய நூல் 1563-இல் கோவாவிலேயே அச்சாயிற்று. அடுத்த ஆண்டு ஸ்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் பயணம் மேற்கொண்ட குளூசியுஸ், அந்நூலைக் கண்டெடுத்து லத்தீனில் சுருக்கித் தந்தார். அது 1567-இல் ஆண்ட்வெர்ப் நகரில் வெளிவந்தது. நம் மண்ணின் தாவரங்களை ஐரோப்பிய அறிஞர் பலர் அறிந்தது அந்த லத்தீன் சுருக்கத்தின் வழியாகத்தான். ஓர்த்தா இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1580-இல், அவர் யூத சமயத்தை மறைவாகக் கடைப்பிடித்தவர் என்று கூறிக் கோவாவின் சமய விசாரணை மன்றம் அவருடைய எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தது. தலைகுனிந்து படிக்க வேண்டிய பக்கம் அது. நூலோ எரியவில்லை.

வெங்காயம் என்று தின்றவர்கள்

துலிப் ஐரோப்பாவின் மேற்குப் பகுதிக்கு வந்தது துருக்கியரிடமிருந்து. மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகளில் தானே வளரும் அந்தப் பூவைத் துருக்கியர் தங்கள் தோட்டங்களில் பேணி வளர்த்தனர். அவர்கள் அதற்கு இட்ட பெயர் லாலே. அரபு எழுத்தில் எழுதும்போது அல்லாஹ் என்ற சொல்லுக்குரிய எழுத்துகளே இச்சொல்லிலும் அமைவதால், அதை ஒரு புனித மலராகவே அவர்கள் மதித்தனர்.

மன்னர் பெர்டினாண்டின் தூதராக, 1554 முதல் 1562 வரை சுல்தான் சுலைமானின் அவைக்குச் சென்று பணியாற்றியவர் ஓஜியே கிஸ்லேன் தெ புஸ்பெக். கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் போகும் வழியில் குளிர்காலத்திலேயே பூத்துக் கிடந்த மலர்களைக் கண்டு வியந்து தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். துருக்கியர் இதைத் 'துலிபான்' என்று அழைப்பதாக அவர் எண்ணினார். உண்மையில் அது தலைப்பாகையைக் குறிக்கும் சொல். பூவின் வடிவம் தலைப்பாகை போன்றது என்று யாரோ விளக்கியதை அவர் பெயராகவே கொண்டுவிட்டார் போலும். அந்தத் தவறான பெயர்தான் உலகம் முழுவதும் நிலைத்துவிட்டது.

பெயரில் மட்டுமா தவறு? சுமார் 1562-இல் ஆண்ட்வெர்ப் வணிகர் ஒருவருக்குக் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து துணி வந்தது. அதனோடு சில கிழங்குகளும் வந்தன. கீழை நாட்டு வெங்காயம் என்று கருதிய வணிகர், சிலவற்றைத் தணலில் சுட்டு, எண்ணெயும் காடியும் சேர்த்துத் தின்றார். மிஞ்சியவற்றை முட்டைக்கோசுகளுக்கு நடுவே புதைத்து மறந்துவிட்டார். பெரும்பாலானவை அழிந்தன. மெக்லன் நகரத்து வணிகரும் தோட்டப் பிரியருமான யோரிஸ் ரை என்பவர் எஞ்சிய சிலவற்றை எடுத்துச் சென்று காப்பாற்றினார். இந்நிகழ்ச்சியைப் பின்னாளில் எழுதி வைத்தவர் குளூசியுஸ். என் சமையலறை மேசையை நினைத்துக்கொண்டு இதைப் படித்தபோது, அந்த வணிகரைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

விதைத்துவிட்டுக் காத்திருந்தவர்

1573-இல் பேரரசர் இரண்டாம் மாக்சிமிலியான் தம் தோட்டத்தை அமைப்பதற்காகக் குளூசியுஸை வியன்னாவுக்கு அழைத்தார். அங்கே அவர் புஸ்பெக்கைச் சந்தித்தார். பிரான்சுக்குப் புறப்படவிருந்த புஸ்பெக், கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து தமக்கு வந்திருந்த துலிப் விதைகளையும் கிழங்குகளையும் அவரிடம் ஒப்படைத்துச் சென்றார். விதை பழையது, முளைக்குமா என்ற ஐயம் இருந்தது. ஆயினும் விதைத்தார். முளைத்தது.

துலிப்பை விதையிலிருந்து வளர்ப்பது எளிதன்று. முதல் ஆண்டில் புல் போன்ற ஒற்றை இலை. அடுத்த ஆண்டில் சற்றுப் பெரிய இலை. கோடை வந்தால் அதுவும் மறைந்துவிடும். மண்ணுக்கு மேல் எதுவுமே இல்லாத மாதங்களில், உள்ளே பட்டாணி அளவுள்ள கிழங்கு மெல்ல மெல்லப் பருக்கும். முதல் பூவைக் காண ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அப்படிப் பூக்கும்போதும் தாய்ச் செடியின் நிறமே சேய்க்கும் வரும் என்ற உறுதி இல்லை. ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று கலப்பு. அதே நிறம் வேண்டுமென்றால் தாய்க்கிழங்கின் பக்கத்தில் பிறக்கும் சிறு கிழங்குகளைப் பிரித்து நட வேண்டும். இவற்றையெல்லாம் குளூசியுஸ் ஆண்டுதோறும் குறித்து வைத்தார். பூக்கும் காலத்தைக் கொண்டு முந்திப் பூப்பவை, பிந்திப் பூப்பவை, இடைப்பட்டவை என்று வகைப்படுத்தினார். நிறம் மாறலாம், உயரம் மாறலாம்; பருவம் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது என்பதை அவர் கண்டிருந்தார்.

அவருக்கு முன்னிருந்த மூலிகை நூலார் பெரும்பாலும் ஒரு கேள்வியையே கேட்டனர்: இது எந்த நோய்க்கு மருந்து? குளூசியுஸ் முதலில் வேறு கேள்விகளைக் கேட்டார். இது எங்கே வளர்கிறது? எந்த மாதம் தளிர்க்கிறது? வேர் எப்படி, விதை எப்படி? இவ்வூர் மக்கள் இதை என்னவென்று அழைக்கிறார்கள்? பயன் இல்லை என்பதற்காக எந்தச் செடியையும் அவர் தள்ளிவிடவில்லை.

புதிய நாட்டின் தாவரங்களை அறிய அவர் கையாண்ட வழி நம் கவனத்துக்குரியது. ஆல்ப்ஸ் மலைகளில் தாமே ஏறினார். வியன்னாச் சந்தையில் மலையிலிருந்து வேரும் பூண்டும் கொண்டுவந்து விற்ற எளிய பெண்களிடம் கேட்டறிந்தார். அரசவையின் தாவர அறிஞர் சந்தைப் பெண்களிடம் பாடம் கேட்டார் என்பது சிறிய செய்தியன்று. ஹங்கேரியில் பட்யானி என்ற பிரபுவின் விருந்தினராகத் தங்கியபோது, பெய்தே என்ற போதகரின் துணையோடு செடிகளின் ஹங்கேரியப் பெயர்களைத் திரட்டினார். ஆஸ்திரியா, ஹங்கேரிப் பகுதிகளின் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1583-இல் வெளிவந்தது. அந்நியராக வந்தவர் அந்த மண்ணின் செடிகளுக்கு முதல் வரலாற்றாசிரியர்களில் ஒருவரானார். அவருக்குப் பெயர் சொல்லித் தந்தவர்களோ அந்த மண்ணின் மக்கள்.

'இந்தியா'வுக்கு வராத இந்திய மரம்

கிழங்குகளோடு மரங்களும் வந்தன. லைலாக் என்னும் மணமுள்ள ஊதாப் பூக்களின் சிறு மரம் வியன்னாவுக்கு வந்ததும் துருக்கியிலிருந்தே. புஸ்பெக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. இன்னொன்று குதிரைச் செஸ்ட்நட். ஏப்ரல், மே மாதங்களில் கொப்புக்குக் கொப்பு வெண்பூக்கள் மெழுகுதிரி ஏற்றியதுபோல் நிமிர்ந்து நிற்கும் பெருமரம். புஸ்பெக்கோடு சென்றிருந்த வில்லெம் குவாக்கல்பீன் என்ற மருத்துவர், இருமலும் இளைப்பும் கண்ட குதிரைகளுக்குத் துருக்கியர் இதன் காயைக் கொடுப்பதாக 1557-இல் இத்தாலிய அறிஞர் மத்தியோலிக்கு எழுதினார். குதிரையின் பெயர் மரத்தோடு ஒட்டியது அப்படித்தான். எழுதியவர் ஊர் திரும்பவில்லை. கொள்ளைநோய்க்கு இரையாகிக் கான்ஸ்டாண்டிநோபிளிலேயே இறந்தார். பின்னர் 1576-இல், அங்கு தூதராக இருந்த டேவிட் உங்நாட் அனுப்பிய விதையைக் குளூசியுஸ் வியன்னாவில் நட்டு மரமாக்கினார்.

இந்த மரத்தின் தாயகம் எது? பிரெஞ்சுக்காரர் இன்றும் இதை 'இந்தியச் செஸ்ட்நட்' என்றே அழைக்கின்றனர். இந்தியாவில் இது பிறக்கவில்லை. இமயமலையில் வளர்வது இதன் உறவுமரம், இதுவன்று. லின்னேயுஸ் 1753-இல் இதன் தாயகம் வட ஆசியா என்று எழுதினார். அதுவும் தவறு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் ஹாக்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் கிரேக்க மலைகளில் இது தானே வளர்வதைக் கண்டதாகச் சொன்னார், பலர் நம்பவில்லை. 1879-இல் ஹெல்ட்ரைக் என்ற தாவர அறிஞர் அதை உறுதிப்படுத்தினார். கிரேக்கம், அல்பேனியா, வட மாசிடோனியா ஆகிய நாடுகளின் மலைப் பள்ளத்தாக்குகளே இதன் சொந்த மண். வியன்னாவிலிருந்து பார்த்தால் துருக்கியத் தலைநகரைவிட அருகில் இருக்கும் இடம் அது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தொலைதூர நாட்டான் என்று முந்நூறு ஆண்டுகள் நம்பியிருந்தார்கள்.

பெயர் ஒரு மரம் நம்மிடம் வந்த கடைசி வாசலைச் சொல்லும். பிறந்த வீட்டைச் சொல்லாது. இதில் நாமும் விலக்கல்ல. ஈழத்தலரி ஈழத்தில் பிறந்ததன்று. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் அதன் தாயகம். நமக்கு அது ஈழத்தின் வழியாக வந்திருக்கக்கூடும். அந்த வழியே பெயராயிற்று. கடல் கடந்து வந்த அந்த மரத்தை நாம் நம் இறந்தோருக்குக் காவலாக நிறுத்தியிருக்கிறோம். இனி அதை அந்நியம் என்று யார் சொல்ல முடியும்?

ஊன்றுகோலோடு வந்த தோட்டக்காரர்

பேரரசர் மாக்சிமிலியான் 1576-இல் இறந்தார். அடுத்து வந்த இரண்டாம் ரூடால்ஃபின் ஆட்சியில் குளூசியுஸ் தம் அரசுப் பணியை இழந்தார். ஆயினும் 1588 வரை வியன்னாவிலேயே இருந்தார். பின் பிராங்பர்ட் நகரில் தங்கினார். அங்கே விழுந்து இடுப்பு மூட்டு நழுவியதால், எஞ்சிய வாழ்நாள் முழுவதும் ஊன்றுகோலின் துணையோடுதான் நடக்க முடிந்தது.

இந்த நிலையில்தான் லைடன் பல்கலைக்கழகம் தன் தாவரத் தோட்டத்தை உருவாக்கித் தர அவரை அழைத்தது. அந்த அழைப்புக்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவர் மரி தெ பிரிமே என்ற சிமே இளவரசி. நெடுநாளாக அவரோடு விதைகளையும் கிழங்குகளையும் பரிமாறிக்கொண்டவர். 1593 அக்டோபரில், 67-ஆம் வயதில், குளூசியுஸ் லைடன் வந்து சேர்ந்தார். டெல்ஃப்ட் நகரத்து மருந்து வணிகர் டிர்க் குளூய்ட் செடிகளை நடும் பணியைக் கவனித்தார். ஏறத்தாழ 40 மீட்டர் நீளமும் 35 மீட்டர் அகலமும் கொண்ட சிறிய தோட்டம். 1594-இல் அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தாவரங்கள் பதிவாகியுள்ளன. அவ்வாண்டு இளவேனிலில் அவர் கொணர்ந்த துலிப்கள் அங்கே பூத்தன. நெதர்லாந்தில் துலிப்பை முதன்முதலில் வளர்த்தவர் அவரல்லர். வேறு சிலரும் முன்பே வளர்த்திருந்தனர். ஆனால் அதை அறிந்து, வகைப்படுத்தி, எப்படி வளர்ப்பது என்று பலருக்கும் சொல்லித் தந்தவர் அவரே.

கடலோரத்து மணற்பாங்கான மண்ணும், நீண்ட குளிரும், மெல்ல வரும் இளவேனிலும் அந்தக் கிழங்குகளுக்கு ஏற்றவையாக அமைந்தன. நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். மணல் நீரை வடித்துவிடும். லைடனுக்கும் ஹார்லெமுக்கும் இடைப்பட்ட நிலம் பின்னாளில் மலர்க்கிழங்குகளின் நாடாகப் பெயர்பெற்றதற்கு இந்த மண்ணும் ஒரு காரணம்.

குளூசியுஸ் தம் செடிகளைப் பெரும்பாலும் நண்பர்களுக்கு அன்பளிப்பாகவே கொடுத்தார். கேட்பவர் உண்மையான ஆர்வமுள்ளவரா என்பதை மட்டும் பார்ப்பார். வாங்கி விற்க வந்தவர்களை அவருக்குப் பிடிக்கவில்லை. கொடுக்காத இடத்தில் திருட்டு நுழைந்தது. ஒருமுறை அன்று, பலமுறை அவருடைய கிழங்குகள் திருடு போயின. முதுமையில், ஊன்றுகோலோடு நின்று, தோண்டிய குழிகளைப் பார்த்த அந்த மனிதரின் உள்ளம் எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் அவர் கொடுப்பதை நிறுத்தவில்லை. 1601-இல் அரிய தாவரங்களின் வரலாற்றையும், 1605-இல் அயல்நாட்டுத் தாவரங்கள், விலங்குகளைப் பற்றிய நூலையும் வெளியிட்டார். 1609 ஏப்ரலில், லைடனில் துலிப் மலரும் பருவத்தில், தம் 83-ஆம் வயதில் கண் மூடினார்.

காத்திருக்க மறுத்தவர்கள்

அவர் இறந்து முப்பது ஆண்டுகள் நிறைவதற்குள் அதே துலிப் நெதர்லாந்தில் சூதாட்டப் பொருளாயிற்று. ஒற்றைக் கிழங்குக்கு ஆயிரக்கணக்கான கில்டர் விலை பேசினார்கள். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்போதே, அதைக் கண்ணால் காணாமலே, தாள்களின்மேல் கைமாற்றினார்கள். 1637 பிப்ரவரியில் ஹார்லெமில் ஏலத்துக்கு வாங்குவோர் இல்லாமல் போயிற்று; சில நாட்களில் விலைகள் சரிந்தன. நாடே திவாலாகிவிட்டது என்று பழைய நூல்கள் மிகைப்படுத்தின. அவ்வளவு பெரிய அழிவு நேரவில்லை என்று இக்கால வரலாற்றாசிரியர் காட்டியுள்ளனர். ஆனால் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் நம்பிய நம்பிக்கை உடைந்தது என்பதை அவர்களும் மறுக்கவில்லை.

இதில் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மிக உயர்ந்த விலைக்குப் போனவை, இதழ்களில் தீச்சுடர்போல் வரி ஓடிய பூக்கள். ஒரே நிறத்தில் பூத்த கிழங்கு ஓர் ஆண்டு திடீரென வரி வரியாகப் பூக்கும். அப்படி நிறம் உடைந்த கிழங்கு பின்னர் வலுவிழந்து அழியும் என்பதையும், சாகுமுன் தன்னை வளர்த்தவரின் கண்ணை ஒருமுறை மகிழ்விக்கிறது போலும் என்பதையும் குளூசியுஸ் முன்பே எழுதி வைத்திருந்தார். காரணம் அவருக்குத் தெரியவில்லை. 1928-இல் இங்கிலாந்தில் டாரத்தி கேலி என்ற ஆய்வாளர், அது கிழங்கிலிருந்து கிழங்குக்குத் தொற்றும் நோய் என்று கண்டார். அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் அது. உலகம் செல்வமென்று ஏலம் கேட்டது ஒரு நோயின் அழகை. பொறுமையாகப் பார்த்தவர் அதில் மரணத்தின் அறிகுறியைக் கண்டார். அவசரப்பட்டவர்கள் விலையை மட்டும் கண்டார்கள்.

அன்புக்குரியவர்களே, ஒரே கிழங்கை மூவர் கையில் பார்த்தோம். ஒருவர் வெங்காயம் என்று தின்றார். இன்னொருவர் பொன் என்று விற்றார். மூன்றாமவர், இது என்னவென்று எனக்கு இன்னும் தெரியாது என்று ஒப்புக்கொண்டு மண்ணில் வைத்துக் காத்திருந்தார். அந்த ஒப்புதலில்தான் அறிவு தொடங்குகிறது. அன்பும் அங்கேதான் தொடங்குகிறது.

லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன அத்திமர உவமையை நாம் எல்லாரும் அறிவோம். மூன்று ஆண்டுகள் கனி காணாத உரிமையாளர் மரத்தை வெட்டச் சொல்கிறார். தோட்டத் தொழிலாளரோ இந்த ஆண்டும் அது இருக்கட்டும் என்று வேண்டுகிறார். சுற்றிலும் கொத்தி எருப்போட முன்வருகிறார். குருமடத்தில் இதைப் படித்த நாளில், பொறுமையற்ற உரிமையாளரின் இடத்தில் நான் ஒருநாள் நிற்பேன் என்று நினைத்ததில்லை. எனக்காவது மூன்று ஆண்டுப் பொறுமை இருந்ததா? மூன்று வாரங்கள்கூட இல்லை. மரத்தின் பருவம் அறிந்து பேசக்கூடிய தோட்டத் தொழிலாளர் என் பக்கத்திலேயே நின்றார். அவரைப் பேசவிடாமல் செய்தது என் பதவி.

மரத்துக்கு மட்டுமா இது? ஓர் ஊருக்குப் புதிதாக வரும் குரு, ஒரு வீட்டுக்குப் புதிதாக வரும் மருமகள், பிழைப்புக்காக நம் தெருவில் குடியேறியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளி, எல்லாரையும் முதல் மாதத்திலேயே பட்ட மரம் என்று முடிவு கட்டுகிறோம். அவர்கள் எந்தக் குளிருக்கோ, எந்த மழைக்கோ காத்திருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. துலிப் என் தொட்டியில் பூக்காதது அதன் குற்றமன்று. அதற்கு வேண்டியது என்னவென்று நான் கேட்கவில்லை.

அந்த முதல் பங்கில் நான் ஐந்து ஆண்டுகள் இருந்தேன். வெட்டுண்ட ஈழத்தலரி சாகவில்லை; மீதியிருந்த கொம்புகளில் சித்திரையில் தளிர் விட்டது. அந்தத் தாய் எடுத்துச் சென்ற கிளையை, தம் வீட்டில் சில நாள் காயவிட்டு, கல்லறைத் தோட்டத்து மதில் ஓரமாக ஊன்றியிருந்தார். மூன்றாம் ஆண்டு அது பூத்தது. அந்தக் கோடையில் ஒருநாள் அவர் என்னிடம் வந்து, "சாமி, பூத்திருக்கு, வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். வெள்ளை இதழ்களின் நடுவே மஞ்சள். மன்னிப்புக் கேட்கச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் கீழே கிடந்த ஒரு பூவை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, செபமாலையை உருட்டிக்கொண்டே பிள்ளையின் கல்லறைப் பக்கம் நடந்தார்.